துப்பறிவாளர் உரிமம் என்று ஓர் அட்டை: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 39. பதினோரு ஆண்டுகளாக வங்கிக் கடன்களுக்கான பீல்டு வெரிஃபிகேஷன் வேலை பார்த்தவர். காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை எந்தச் சந்தில் எந்தக் கதவு எண் என்று கேட்டால் சொல்லிவிடக் கூடியவர். வேலை கொடுத்த நிறுவனம் ஆட்களைக் குறைத்துவிட்டதால், கைவந்த தொழிலையே சொந்தமாகச் செய்யலாம் என்று டிடெக்டிவ் ஏஜென்சி தொடங்க முடிவு செய்திருக்கிறார். இதற்கிடையில் அறிமுகமான ஒருவர், ‘துப்பறிவாளர் லைசன்ஸ்’ எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். முன்பணமாக 25,000 ரூபாய் ஜிபேயிலும் 15,000 ரூபாய் ரொக்கமாகவும் கொடுத்தாகிவிட்டது. ரொக்கத்துக்கு ரசீது கேட்டபோது, “அது மேலே கொடுக்க வேண்டியது, அதுக்கெல்லாம் ரசீது வராது” என்று பதில் வந்திருக்கிறது. ஓர் அடையாள அட்டையும் ஒரு சான்றிதழும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 1,10,000 ரூபாயை இந்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டுமாம்.

லைசன்ஸ் வரும் முன்பே இரண்டு வேலைகளும் வந்துவிட்டன. ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிய விசாரணை. அது நல்லபடியாக முடிந்தது. இன்னொன்றில், மனைவி மீது சந்தேகம் கொண்ட ஒரு கணவர், மனைவியின் கைபேசி அழைப்புப் பட்டியலை எடுத்துத் தரும்படியும், அவர் ஓட்டும் ஸ்கூட்டரில் ஜி.பி.எஸ். கருவியை மறைத்து வைக்கும்படியும் கேட்டு 5,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். “வண்டி கணவர் பேரில்தான் இருக்கிறது, அவரே எழுதியும் கொடுக்கிறேன் என்கிறார், லைசன்ஸும் வந்துவிட்டால் எனக்குப் பிரச்சினை இல்லைதானே?” என்பது கடிதத்தின் கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: இந்தியாவில் தனியார் துப்பறிவாளருக்கு உரிமம் வழங்கும் சட்டம் இல்லை, ஆகவே அப்படி ஓர் உரிமத்தை மத்திய அரசோ, தமிழ்நாடு அரசோ, காவல் ஆணையர் அலுவலகமோ கொடுக்க வழியில்லை. அத்தகைய சட்டத்துக்கு ஒரு முயற்சி நடந்தது உண்மை. தனியார் துப்பறியும் முகமைகளை ஒழுங்குபடுத்தும் மசோதா 2007இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்கும் போனது. ஆனால் சட்டமாகாமலே பின்னர் திரும்பப் பெறப்பட்டது. இணையத்தில் தேடினால் அந்த மசோதாவின் வாசகம் இன்றும் கிடைக்கும். உங்களுக்குக் கொடுத்த சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் ‘விதிகள்’ அதிலிருந்து எடுத்தவையாக இருக்கலாம் என்பது என் ஊகம், ஏனென்றால் நடைமுறையில் இல்லாத ஒரு வாரியத்தின் பெயர் அங்கே வருகிறது.

நீங்கள் காணொளிகளில் பார்த்ததாகச் சொல்லும் தேர்வும் அனுபவ நிபந்தனையும் வேறு நாட்டுச் சங்கதிகள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் துப்பறிவாளர் உரிமம் பெறப் பொதுவாக 6,000 மணி நேர அனுபவமும் எழுத்துத் தேர்வும் வேண்டும். பிரிட்டனில் 2001இல் வந்த சட்டத்திலேயே இத்தொழிலுக்கு உரிமம் கொண்டுவர இடம் வைத்திருந்தும், அந்தப் பகுதியை அவர்கள் நடைமுறைப்படுத்தவே இல்லை. இவற்றில் எதுவும் தண்டையார்பேட்டையில் அலுவலகம் போடும் உங்களைக் கட்டுப்படுத்தாது.

அப்படியானால் லைசன்ஸ் இல்லாமல் தொழில் செய்யலாமா என்றால், செய்யலாம். சட்டம் தடுக்காத எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவில் இருக்கிறது. ஆனால் இந்த விடுதலையை நீங்கள் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில்தான் எனக்குக் கவலை. கடிதம் முழுவதும், உரிமம் கிடைத்தால் சில கதவுகள் திறந்துவிடும், பிறர் கேட்கக் கூடாததை நாம் கேட்கலாம், பிறர் போகக் கூடாத இடத்துக்கு நாம் போகலாம் என்ற நம்பிக்கை ஓடுகிறது. துப்பறிவாளர் என்று பெயர்ப் பலகை மாட்டிய மறுநாளும் உங்கள் அதிகாரம் எதிர்த்த டீக்கடைக்காரரின் அதிகாரத்துக்கு ஒரு குன்றிமணி கூட அதிகமாகாது. ஒருவரை நிறுத்தி விசாரிக்கவோ, பையைத் திறந்து காட்டச் சொல்லவோ, வீட்டுக்குள் நுழையவோ முடியாது. ஜாமீனில் விட முடியாத, வாரண்டு இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் ஒன்று உங்கள் கண்ணெதிரே நடந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி அந்த ஆளைப் பிடித்து ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கலாம். அது குடிமக்கள் எல்லோருக்கும் உள்ள உரிமை.

அந்த அட்டையும் அந்த ஜெராக்ஸும்

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அடையாள அட்டையைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இடது மூலையில் மூன்று தலைச் சிங்கம், நடுவில் சிவப்பில் ‘இன்வெஸ்டிகேஷன் ஆபீசர்’, கீழே உங்கள் படம். காவல்துறையின் மத்தியக் குற்றப் பிரிவை நினைவூட்டும்படி நிறுவனப் பெயரில் ‘சென்ட்ரல்’, ‘கிரைம்’ இரண்டும் இருக்கின்றன. சிங்கத்தின் அடியில் ‘சத்யமேவ ஜயதே’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைபேசி எண் இருக்கிறது. சிரிப்பு வந்தாலும் விஷயம் சிரிக்கக் கூடியதாக இல்லை. அரசோடு தொடர்புடையது என்ற தோற்றத்தை உண்டாக்கும்படி அரசுச் சின்னத்தைப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டின் அரசுச் சின்னச் சட்டம் தடை செய்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அட்டையைக் காட்டி யாரிடமாவது நீங்கள் அதிகாரி போல நடந்துகொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 204ஆவது பிரிவு வந்து நிற்கும். அதில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. இதுவரை அதை நம்பி வைத்திருந்தீர்கள் என்று சொல்ல முடியும். இந்தப் பதிலைப் படித்த பிறகும் பர்ஸில் வைத்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கிழித்தும் போட வேண்டாம், அது உங்களை ஏமாற்றியதற்கான சான்று. ஓர் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள்.

பணம் வாங்கியவர் ‘ஆதாரம்’ என்று காட்டிய ஜெராக்ஸ் போலியில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அது வேறொரு தொழிலுக்கான உரிமம். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்குத் தரப்படுவது. தொழிலில் ‘பசாரா லைசன்ஸ்’ என்பார்கள். ஆளையோ சொத்தையோ காவல் காப்பதுதான் அந்தச் சட்டத்தின் பொருள். துப்பறிதல் அதற்குள் வராது. நீங்கள் அனுப்பிய நகலில் வழங்கிய தேதியைப் பாருங்கள். இந்த உரிமம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். நகலில் உள்ளது ஏழு ஆண்டுக்கு முந்தையது, அதுவும் இன்னொருவர் பெயரில்.

கடிதத்தின் ஓரத்தில், மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளுக்குக் காவலாட்களும் அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்வதானால் இந்த உரிமம் கட்டாயம். சட்டத்தில் சொல்லியிருக்கும் கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு முதல் ஐந்து மாவட்டங்களுக்கு 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. உரிமமில்லாமல் ஆள் அனுப்பினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண மண்டபத்துக்கு நான்கு ‘பவுன்சர்’ அனுப்புவதும் இதற்குள் வந்துவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கொடுத்த நாற்பதாயிரம்

மீதியைக் கட்டாதீர்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதில் இரண்டு தொகைகளும் இரண்டு விதம். ஜிபேயில் போன 25,000 ரூபாய்க்குத் தடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அவர் ‘லைசன்ஸ் கட்டணம்’ என்று எழுதியதும் இருக்கிறது. அந்த உரையாடலை அழிக்காமல், முழுமையாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். இல்லாத உரிமத்தை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின் கீழ் மோசடி. ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். முதலில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புவதே நல்லது என்பது என் அனுபவம். இப்படிப்பட்ட ஆட்கள் நோட்டீஸ் வந்த வாரமே பணத்தைத் திருப்பியதை ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வளாகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். திருப்பவில்லையென்றால் காவல் நிலையப் புகார், கூடவே மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் உரிமையியல் வழக்கு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு தடை எழுப்பும்; அதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன்.

ரொக்கமாகப் போன 15,000 ரூபாயில்தான் சிக்கல். ‘மேலே கொடுக்க வேண்டியது’ என்ற சொல்லை நீங்கள் பணம் கொடுக்கும் முன் கேட்டீர்களா, கொடுத்த பின் கேட்டீர்களா என்பது முக்கியம். கடிதத்தின்படி ரசீது கேட்டபோதுதான் அந்தப் பேச்சே வந்தது. அப்படியானால் அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் புகாரில் எழுதுங்கள். முன்பே தெரிந்திருந்தால் நிலைமை வேறு: 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதும், இடைத்தரகர் வழியாகக் கொடுப்பது உட்பட, குற்றம்தான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் ஏழு நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். ஆகவே புகார் எழுதும் முன் இந்த ஒரு விஷயத்தை வழக்கறிஞரிடம் நேரில் மனம்விட்டுச் சொல்லுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

அழைப்புப் பட்டியலும் ஸ்கூட்டரும்

இனி அந்தக் கணவர் கேட்ட வேலை. அழைப்பு விவரப் பட்டியலை, நீங்கள் சொல்வது போல ‘சி.டி.ஆர்.’ஐ, சட்டப்படி பெறக் கூடியவர்கள் உரிய அதிகாரம் உள்ள புலனாய்வு அதிகாரிகளும் நீதிமன்றமும்தான். வெளியாளுக்கு அது கிடைக்கிறதென்றால் தொலைத்தொடர்பு நிறுவனத்திலோ அரசு அலுவலகத்திலோ யாரோ திருடித் தருகிறார் என்று பொருள். 2018இல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீசார் இப்படிப் பட்டியல்களை விலைக்கு வாங்கி விற்ற வழக்கில் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தார்கள். தொழிலில் பெயர் பெற்றவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, அனுமதியின்றி நிறுவனத்தின் தரவைப் பெறுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. “எனக்குத் தெரிந்த பையன் ஒருத்தன் மூவாயிரத்துக்கு எடுத்துத் தருவான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் பிடிபடும் நாளில் அவன் கைபேசியில் முதலில் கிடைக்கப்போவது உங்கள் எண்.

ஸ்கூட்டர் விஷயத்தில் உங்கள் வாதம் பார்வைக்கு நியாயமாகத் தெரிகிறது. வண்டி கணவருடையது, தன் வண்டி எங்கே இருக்கிறது என்று அறிய உரிமையாளருக்குத் தடை என்ன என்கிறீர்கள். ஆனால் நீங்கள் கண்காணிக்கப் போவது வண்டியை ஓட்டும் பெண்ணை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. திருமணமானதால் அந்த உரிமை கணவர் கைக்கு மாறிவிடுவதில்லை. அவர் எழுதிக் கொடுக்கும் சம்மதம் அவருடைய சம்மதம், மனைவியுடையது அன்று. ஒரு பெண்ணின் மின்னணுத் தகவல்தொடர்பைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவில் பின்தொடர்தல் குற்றம். குற்றத்தைக் கண்டறிவதற்காகப் பின்தொடர்ந்தேன் என்ற விலக்கு அந்தப் பிரிவில் உண்டு, ஆனால் அது அரசு அந்தப் பொறுப்பை ஒப்படைத்தவருக்கு மட்டுமே. உங்களிடம் அரசு எதையும் ஒப்படைக்கவில்லை. ஜி.பி.எஸ். கருவி ‘தகவல்தொடர்பு’ ஆகுமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அந்த வாதத்தை நான் உங்கள் ஜாமீன் மனுவில் எழுத நேரக் கூடாது என்பதுதான் என் விருப்பம்.

வட சென்னைத் தெருக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுமுகம் ஒன்று தெருமுனையில் அரை மணி நேரம் நின்றால், “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்க ஒரு அம்மா வந்துவிடுவார். வங்கி வேலையில் உங்களுக்கு ஒரு பதில் இருந்தது, கையில் ஒரு படிவம் இருந்தது. இப்போது என்ன சொல்வீர்கள்?

“நீதிமன்றமே இப்போது ஒப்புக்கொள்கிறதாமே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் அழைப்புப் பட்டியலைக் கணவர் ரகசியமாக எடுத்து வந்த வழக்கில், அந்தரங்கத்தை மீறிப் பெற்ற அத்தகைய சான்றை ஏற்க முடியாது என்றது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், தம்பதியரில் ஒருவர் மற்றவருடன் தாமே பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் மணமுறிவு வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அங்கே பதிவு செய்தவர் உரையாடலில் ஒருவர். கூலி வாங்கிக்கொண்டு மூன்றாம் ஆள் வைத்த கருவி இல்லை. அது மட்டுமின்றி, சான்று நீதிமன்றத்தில் ஏற்கப்படுவது ஒன்று, அதைச் சேகரித்தவர் மேல் குற்ற வழக்கு வருவது வேறொன்று. கணவர் தம் வழக்கில் ஜெயித்து, நீங்கள் உங்கள் வழக்கில் தோற்கலாம். சட்டவிரோதமான வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பதால், பேசிய கூலியைக் கேட்டுக்கூட நீங்கள் வழக்குப் போட முடியாது.

சரி, என்ன வேலை செய்யலாம்?

நிறையவே இருக்கிறது, அதில் பெரும்பகுதி நீங்கள் ஏற்கெனவே செய்து பழகியது. முகவரி கண்டறிதல், வேலைக்குச் சேர்பவர் தம் சம்மதத்தோடு கொடுத்த விவரங்களைச் சரிபார்த்தல், காப்பீட்டுக் கோரிக்கையில் சொல்லும் சம்பவம் நடந்ததா என்ற கள விசாரணை. (இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வேலைக்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம் வேண்டும்; அதில் கை வைக்காதீர்கள்.) துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை அறிந்த ஒருவருக்கு நான் முதலில் சொல்வது போலி லேபிள் விசாரணை. பிராண்டு நிறுவனங்களுக்காகக் கடையில் வாடிக்கையாளராகப் பொருள் வாங்கி, பில்லோடு ஒப்படைப்பது முறையான, நல்ல ஊதியமுள்ள வேலை. சோதனையிட்டுக் கைப்பற்றுவது மட்டும் உங்கள் வேலையில்லை. வர்த்தகச் சின்னச் சட்டத்தின்படி அதற்கு டி.எஸ்.பி. அல்லது அதற்கு இணையான தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வர வேண்டும்.

பொது ஆவணங்களும் பெரிய சுரங்கம். வில்லங்கச் சான்று, பட்டா, கம்பெனிப் பதிவு, இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலவரம் ஆகியவற்றை ஒழுங்காகத் தேடித் தொகுத்துக் கொடுத்தாலே வரன் விசாரணையில் பாதி முடிந்துவிடும். மறுபாதியான அக்கம்பக்க விசாரணையில்தான் கவனம் வேண்டும். உங்கள் பழைய வண்ணாரப்பேட்டை அறிக்கையில் ‘குடிப்பழக்கம் உள்ளவர் எனத் தெரிய வருகிறது’ என்று ஒரு வரி இருக்கிறது. யாருக்கு, எப்படித் தெரிய வந்தது? பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் தண்ணீர் லாரி வரிசையில் சண்டை இருந்திருந்தால்? அவதூறு இன்னும் குற்றமாகவே இருக்கிறது. கேட்டவரின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்னதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது என்றாலும், நல்லெண்ணம் என்பது தக்க கவனத்தோடு விசாரித்தோம் என்று காட்டுவதைப் பொறுத்தது. நேரில் பார்த்ததைத் தேதியோடு தனியாகவும், பிறர் சொன்னதைத் தனியாகவும் எழுதுங்கள். ஊகத்தை எழுதவே வேண்டாம்.

பதிவு என்ற வகையில் உங்களுக்குத் தேவையானவை சாதாரணத் தொழில் பதிவுகளே: சிறு, குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு, மாநகராட்சித் தொழில் வரி, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. நிறுவனப் பெயரில் ‘நேஷனல்’, ‘சென்ட்ரல்’, ‘பீரோ’ வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும், என்ன நோக்கம், என்ன செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று எழுதிய ஒரு பக்க ஒப்பந்தமும், வாடிக்கையாளரின் அடையாள நகலும் வாங்குங்கள். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை; நீதிமன்றம் அழைத்தால் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும், அதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்துவிட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும். வேலை முடிந்த பிறகும் ஊரார் படங்களையும் ஆதார் நகல்களையும் கைபேசியில் சேர்த்து வைக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

அந்தக் கணவரின் 5,000 ரூபாயை ஜிபேயிலேயே திருப்பி அனுப்பி, ‘நீங்கள் கேட்ட இரண்டு வேலைகளையும் செய்ய இயலாது’ என்று எழுத்தில் தெரிவியுங்கள். கேட்டது இன்னதென்று அவரே எழுதிய செய்தி உங்களிடம் இருக்கிறது, அதை அழிக்காதீர்கள். மணமுறிவு வழக்குத் தொடுத்தால் அழைப்புப் பட்டியலை வரவழைக்கும்படி குடும்ப நீதிமன்றத்திலேயே அவர் மனுப்போடலாம், அனுமதிப்பதும் மறுப்பதும் நீதிபதியின் பொறுப்பு. இதை அவரிடம் சொல்லும்போது கோபப்பட்டு வேறு ஆளைத் தேடுவேன் என்பார். தேடட்டும்.